ஸ்கேன் படம், தொட்டில் சேலை, தொப்புள்கொடி: எதை எப்படி வைத்துக்கொள்வது?

பிள்ளை உண்டான செய்தி தெரிந்த நாளிலிருந்து ஒரு வயது நிறையும்வரை வீட்டில் சேர்கிற பொருட்களுக்கு அளவே இல்லை. ஸ்கேன் படங்கள், வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள், ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டிவிட்ட பெயர்ப்பட்டை, விழுந்த தொப்புள்கொடி, முதல் ஜப்லா, தொட்டில் கட்டிய சேலை, தாய்மாமன் வாங்கிவந்த வெள்ளித் தண்டை, பேர் வைத்த அன்று எடுத்த படங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள எந்த வீட்டிலும் இடம் கிடையாது. எதையுமே வைக்காமல் விட்டாலோ, பிள்ளை பத்து வயதில் "நான் எப்படி இருந்தேன்?" என்று கேட்கும்போது எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது.

இதற்கென்றே இப்போது ஒரு வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. கை கால் அச்சு எடுத்துச் சட்டம் போட்டுத் தருகிறார்கள். தாய்ப்பாலைப் பொடியாக்கி மோதிரத்தில் பதித்துக் கொடுக்கிறார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தையைக் கூடையில் படுக்கவைத்துப் படமெடுக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஃபோனில் ஆயிரக்கணக்கில் படங்கள் குவிகின்றன. தூக்கம் கெட்டுக் கிடக்கும் அந்த மாதங்களில் பணமும் நேரமும் இரண்டுமே இறுக்கம். எதில் போடுவது?

ஒவ்வொரு பொருளையும் நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடைபோடுவேன். சும்மா விட்டுவைத்தால் எவ்வளவு சீக்கிரம் கெடும்? கெட்டுப்போனால் திரும்பச் செய்துகொள்ள முடியுமா? இப்படிப் பார்த்தால் முதல் கவனம் ஸ்கேன் படத்துக்கும் பாட்டியின் குரலுக்கும் போகவேண்டும். அடுத்து ஒரு சாதாரண நோட்டு. அதற்கடுத்து ஒரு சேலை, ஒரு சட்டை. விலை உயர்ந்த அச்சுச் சட்டமும் பால் மோதிரமும் வரிசையின் கடைசியில்தான் நிற்கின்றன.

ஸ்கேன் படம்

ஸ்கேன் சென்டரில் கையில் தருகிற அந்தப் பளபளப்பான கறுப்பு வெள்ளைத் தாள் பெரும்பாலும் தெர்மல் தாள். அதில் மை கிடையாது. தாளின்மேல் பூசியிருக்கும் ரசாயனம் இயந்திரத்தின் சூட்டில் கறுத்து உருவம் காட்டுகிறது. ஏடிஎம் ரசீது அச்சாவதும் இதே முறையில்தான். ஸ்கேன் தாள் ரசீதைவிடத் தரமானது, கொஞ்சம் கூடுதல் காலம் தாங்கும். ஆனாலும் சூடு பட்டால் கறுக்கும், வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் வெளிறும், சானிடைசர் ஈரம் காயாத விரலால் தொட்டால் கறை விழும்.

ஒரு ஜெராக்ஸ் கடையில் இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ஓர் இளைஞர் ஐந்தாம் மாத ஸ்கேன் படத்தை லேமினேட் செய்யக் கொடுத்தார். கடைப் பையன் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, சூடேறியிருந்த உருளைகளுக்கு நடுவே விட்டான். உள்ளே போகும்போது நெற்றியும் மூக்கும் தெளிவாகத் தெரிந்த படம், மறுபக்கம் வெளியே வந்தபோது ஓரத்திலிருந்து நடுவரை ஒரே கறுப்பு. எது தலை, எது பின்னணி என்று தெரியவில்லை. இப்படி ஆகும் என்று பையனுக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. வேறு பிரதியும் இல்லை. பாதுகாக்க வேண்டும் என்ற ஆசையே படத்தை அழித்துவிட்டது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்: ஸ்கேன் படத்தை லேமினேட் செய்யாதீர்கள்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது அடுத்த வழி. மூலப் படத்தை மாட்டினால் அது ஒவ்வொரு நாளும் வெளிச்சம் தின்றுகொண்டே இருக்கும், சில வருடங்களில் சாம்பல் நிறத் தாள்தான் மிஞ்சும். மாட்டுவதென்றால் நகலை மாட்டுங்கள். ஆல்பத்தில் வைக்கலாமா என்றால், எந்த ஆல்பம் என்பதைப் பொறுத்தது. மிருதுவாக, வாசனை வீசிக்கொண்டு, தாளோடு ஒட்டிக்கொள்கிற பி.வி.சி. உறைகளில் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கிற பொருள் மெல்ல மெல்லத் தாளுக்குள் இறங்கி உருவத்தைக் கலைத்துவிடும். செலோடேப் பசையும் அதே வேலையைச் செய்யும். மூலத்தை வெறும் வெள்ளைக் காகித உறையில் போட்டு, சூடு படாத அலமாரியில் வைப்பது போதும்.

நகல் எடுப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. முதலில் ஸ்கேன் சென்டரிலேயே கேட்டுப் பாருங்கள். படத்தைக் கோப்பாகவே பென்டிரைவில் தருகிற இடங்கள் உண்டு. தரவில்லையென்றால் கணினி மையத்தில் தட்டையான ஸ்கேனரில், 600 டிபிஐ அளவில் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியின்மேல் தாளைக் குப்புற வைக்கிற முறை பாதுகாப்பானது. தாளை இயந்திரத்தின் உள்ளே இழுத்துக்கொள்கிற முறை வேண்டாம். அந்தக் கோப்பை ஃபோட்டோ ஸ்டுடியோவில் கொடுத்து நல்ல புகைப்படத் தாளில் இரண்டு பிரதி போட்டுக்கொண்டால், ஒன்று பிறந்த வீட்டுக்கு, ஒன்று புகுந்த வீட்டுக்கு. இவ்வளவுக்கும் சில நூறு ரூபாய் ஆகலாம். இந்த முழுக் கட்டுரையிலும் இதைவிட மலிவான, இதைவிட அவசரமான செலவு வேறு இல்லை.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் "நினைவுக்காக மட்டும் ஸ்கேன் எடுக்கும் ஸ்டுடியோ" பற்றிச் சொல்வார்கள். இந்தியாவில் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற மையத்தில், மருத்துவக் காரணத்துக்காக மட்டுமே கர்ப்ப ஸ்கேன் எடுக்கலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பும் நினைவுப் படத்துக்காக ஸ்கேன் எடுக்கவேண்டாம் என்றே சொல்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேனின் படங்களையே நன்றாக வைத்துக்கொள்வோம்.

ஃபோனா, அச்சா?

படம் ஃபோனில் இருக்கிறது என்பதாலேயே பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பது இன்றைய பெரிய ஆபத்து. ஃபோன் தொலையும், தண்ணீரில் விழும், இரண்டு மூன்று வருடத்தில் மாற்றியும் விடுவோம். கூகுள் ஃபோட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகச் சேமித்துத் தந்த காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது இலவசமாக 15 ஜிபிதான், அதையும் மின்னஞ்சலோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத கணக்கை நீக்கவும் அவர்களுக்கு விதி இருக்கிறது. "பாப்பாவுக்கென்றே தனிக் கணக்கு திறந்து படங்களைப் போட்டு வைத்திருக்கிறோம், பெரியவளானதும் கொடுப்போம்" என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மூலம் என்று நினைத்துவிடக் கூடாது. வழக்கமான முறையில் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடுகிறது, எடுத்த தேதி முதலான தகவல்களையும் உதிர்த்துவிடுகிறது. சித்தப்பா எடுத்த பேர்வைப்புப் படங்கள் வேண்டுமென்றால் "டாக்குமெண்ட்" வழியாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது அவர் ஃபோனிலிருந்து நேராகக் கணினிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி, இணையச் சேமிப்பில் ஒரு பிரதி. ஹார்டு டிஸ்கை உங்கள் வீட்டில் வைக்காமல் தாத்தா பாட்டி வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது. பென்டிரைவை மட்டும் நம்பி வருடக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். மின்சாரமே படாமல் கிடந்தால் அதில் உள்ளது அழிந்துபோகும் வாய்ப்பு உண்டு.

அச்சுப் படத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஸ்டுடியோக்களில் வெள்ளி உப்பு பூசிய புகைப்படத் தாளில் கழுவித் தருகிற படம், வெளிச்சம் படாமல் வைத்தால் பல பத்தாண்டுகள் நிற்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் படம் அந்த அளவு தாங்காது. மாதத்துக்கு ஐந்து படம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கு அறுபது. ஆயிரத்திலிருந்து அறுபதைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போதுதான் எந்தப் படம் நமக்கு வேண்டியது என்று தெரியவரும். கல்யாண ஆல்பம்போலத் தடித்த பக்கங்களில் கரிஷ்மா ஆல்பம் போடுகிறவர்கள் போடட்டும், அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்கத்தில் எட்டுப் படத்தை வெட்டி ஒட்டி, பின்னால் பூக்களும் மேகங்களும் வரைந்து, குழந்தையின் முகத்தை ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசை தடவிய பக்கத்தில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுகிற பழைய வகை ஆல்பம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பசை மஞ்சளித்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தெடுக்க முடியாது.

ஸ்டுடியோ ஷூட் தேவையா என்று கேட்டால், கையில் பணம் இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் எதையும் இழக்கமாட்டீர்கள். கழுத்து நிற்காத குழந்தையைக் கையில் தலையை ஊன்றி நிற்பதுபோல் வைத்து எடுக்கிற படங்கள் இரண்டு படங்களை ஒட்டிச் செய்பவை. அப்படி ஒட்டாமல் நேராகவே உட்காரவைக்கப் பார்க்கிற இடத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டில் எடுக்கவேண்டிய படங்கள்தான் தவறிப்போகின்றன. பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்களுக்கு நடுவே குழந்தையைக் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றுவதை எத்தனை வீட்டில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்? தொட்டில் கொக்கி மாட்டிய விட்டம், சாம்பிராணிக் கரண்டி, மருந்துச் சீட்டுகள் ஒட்டிய குளிர்சாதனப் பெட்டிக் கதவு, இவையெல்லாம் ஐந்து வருடத்தில் மாறிவிடும். அம்மாவும் படத்தில் இருக்கவேண்டும். பெரும்பாலான வீடுகளில் படம் எடுப்பவளே அவள்தான் என்பதால், முதல் வருடம் முழுக்கத் தேடினாலும் அவள் முகம் கிடைக்காது. தலை வாராத, வீங்கிய கண்களோடு இருக்கிற அம்மாவை அப்படியே எடுங்கள்.

படத்தைவிட முக்கியமானது குரல். பாட்டி பாடும் தாலாட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதில் உங்கள் ஊர்ப் பெயர் வரும், தாய்மாமன் சீர் வரும், எப்போதோ செத்துப்போன ஒரு கொள்ளுத்தாத்தா குதிரையேறி வருவார். ஒவ்வொரு வீட்டுத் தாலாட்டும் வேறு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஃபோனைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, பாட்டி தன்போக்கில் பாடும்போது பதிவு செய்யுங்கள். "பாடுங்கள், பதிவு செய்கிறேன்" என்றால் கூச்சப்பட்டுப் பாதியில் நிறுத்திவிடுவார்கள், அதனால் முன்பே அனுமதி வாங்கிவிட்டு, பாடும் நேரத்தில் மறக்கடித்துவிடுங்கள். பிறகு கூட உட்கார்ந்து வரிகளை எழுதிக்கொள்ளுங்கள், புரியாத சொற்களைக் கேட்டு வையுங்கள். பணம் துளியும் ஆகாது. தள்ளிப்போட்டால் திரும்பக் கிடைக்காது.

நோட்டும் கடைப் புத்தகமும்

கடையில் விற்கிற குழந்தை நினைவுப் புத்தகங்கள் அழகானவை. தடித்த அட்டை, நாடா, படம் ஒட்ட இடம். ஆனால் வெளிநாட்டு மாதிரியில் செய்தவற்றில் முதல் கிறிஸ்துமஸுக்கும் முதல் பல்லுக்கும் பக்கம் இருக்கும். யார் சேனை தொட்டு வைத்தது, எந்தச் சேலையில் தொட்டில் கட்டியது, யார் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியது என்பதற்கு இடம் இருக்காது. கோடிட்ட இடங்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் எழுதுகிறவருக்கும் சோர்வு வரும். செயலிகள் வசதியானவை, ஆனால் நடத்துகிற நிறுவனம் கடையை மூடினால் உங்கள் குறிப்புகளும் சேர்ந்து மூடும். அந்தச் செயலியில்தான் எழுதுவேன் என்றால் மாதம் ஒருமுறை வெளியே எடுத்துவைக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் நூல் தைத்த ஒரு நீளநோட்டுக்குத்தான் ஓட்டுப்போடுவேன். ஜெல் பேனாக்கள் பலவற்றின் மை தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும், சாதாரண பால்பாயிண்ட் போதும். தினமும் எழுத வேண்டியதில்லை. எழுதுவது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "இன்று பாப்பா சிரித்தாள், மிகவும் மகிழ்ச்சி" என்று எழுதினால் பத்து வருடம் கழித்து அதில் எடுக்க ஒன்றும் இருக்காது. "மத்தியானம் மிக்ஸி போட்டதும் திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்தாள். அத்தை வேண்டுமென்றே இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள், நான் சண்டை போட்டேன்" என்று எழுதினால் அந்த வீடே அதில் இருக்கும். பிரசவ வலி எப்போது ஆரம்பித்தது, ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் போனோம், யார் வெளியே உட்கார்ந்திருந்தார்கள், முதலில் யார் கையில் கொடுத்தார்கள் என்பதை முதல் மாதத்துக்குள் எழுதிவிடுங்கள். அப்பா தனியாக எழுதட்டும், வெளியே நின்றவர் கண்ட பிரசவம் வேறு. பேர் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எந்தெந்தப் பேரை யார் வேண்டாம் என்றார்கள் என்பதையும் எழுதுங்கள். பிள்ளைகள் பெரிதானபின் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

இதோடு சேர்த்து வைக்கவேண்டியது தாய் சேய் நல அட்டை. ஜப்பானில் 1948 முதல் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே கையேடு தருகிறார்கள், அதைப் பிள்ளை வளர்ந்தபின் அம்மா கையில் கொடுப்பது அங்கே வழக்கம். நம் அட்டையை ஊசி போட்டு முடிந்ததும் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறோம். மாதாமாதம் உங்கள் எடையையும் ரத்த அழுத்தத்தையும் கிராம சுகாதார செவிலியர் கையால் எழுதியிருக்கிற அந்த அட்டை, உங்கள் கர்ப்பகாலத்தின் மிக நேர்மையான நாட்குறிப்பு.

சேலையும் சட்டையும்

துணியில் கஞ்சத்தனமாக இருங்கள். ஒரு தொட்டில் சேலை, ஒரு ஜப்லா, வேண்டுமானால் ஒரு குல்லா. மற்றதெல்லாம் உறவில் அடுத்து பிறக்கிற குழந்தைக்குப் போகட்டும். நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையைத்தான் புதுக்குழந்தைக்கு முதலில் போடவேண்டும் என்ற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதைவிடச் சிறந்த நினைவுக் காப்பு வேறு என்ன வேண்டும்?

வைக்கிற துணியைக் கஞ்சியும் நீலமும் போடாமல், மிதமான சோப்பில் துவைத்து, சோப்பு போகும்வரை அலசுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். பால் கக்கிய கறை துவைத்ததும் போனதுபோல் தெரியும். சரியாகப் போகாவிட்டால் ஒரு வருடத்தில் மஞ்சளாக மேலே வரும். நன்றாகக் காய்ந்தபின், துவைத்த காடாத் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை வேறு இடத்தில் மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடக்கிற பருத்திச் சேலை அந்த மடிப்பிலேயே இற்றுவிடும்.

அந்துருண்டை பற்றி உரக்கச் சொல்லவேண்டும். அதில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ரத்தசோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் வரும். குழந்தைக்கு இந்தக் குறை இருக்கிறது என்று நமக்கு முன்கூட்டித் தெரிந்திருக்காது. பரணிலிருந்து எடுத்த பழைய தொட்டில் சேலையை அந்துருண்டை வாசனையோடு புதுக் குழந்தைக்குக் கட்டுவது விளையாட்டான காரியம் இல்லை. அடுத்த பிள்ளைக்குப் பயன்படப்போகிற துணியின் பக்கத்தில் அது வரவே கூடாது. நன்றாகக் காய்ந்த வேப்பிலையை ஒரு துணி முடிச்சில் கட்டி, சேலையில் படாமல் வைக்கலாம்.

பழைய துணிகளை வெட்டிப் போர்வையாகவோ பொம்மையாகவோ தைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்டியில் கிடப்பதைவிடப் போர்த்திக்கொண்டு தூங்குவது எனக்குப் பிடித்தமானது. ஆனால் பாட்டியின் சுங்குடிச் சேலையை மட்டும் வெட்டாதீர்கள். முழுச் சேலையாக இருந்தால் உங்கள் பேரப்பிள்ளைக்கும் தொட்டில் ஆகும்.

கால் தடம், கை அச்சு

இதில் மூன்று தரம் இருக்கிறது. காகிதத்தில் மைத்தடம் மலிவு. அலுவலக ஸ்டாம்ப் பேடின் ஊதா மை வெளிறிவிடும், கைவினைக் கடைகளில் கிடைக்கிற நிறமித்துகள் கலந்த மை நிற்கும். மஞ்சளில் கால் தோய்த்து எடுக்கிற தடம் அன்றைக்கு அழகு, ஆனால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வேகமாகப் பறந்துவிடும். அதை ஆசைக்குச் செய்யுங்கள், உடனே படமெடுத்துவிடுங்கள். களிமண் பெட்டி வாங்கி வீட்டில் அழுத்தி எடுப்பது இரண்டாவது, தூங்குகிற குழந்தையிடம்தான் இது நடக்கும்.

மூன்றாவது, முழுக் கையையும் காலையும் உருவமாக வார்ப்பது. நல்ல ஸ்டுடியோக்கள் அல்ஜினேட் என்ற மாவில் அச்செடுத்து, அதற்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுகின்றன. பல் டாக்டர்கள் அச்செடுப்பதும் அல்ஜினேட்டில்தான். மண்டபம், ராமேசுவரம் கரையோரம் சேகரிக்கிற கடற்பாசி வகைகள் சிலவற்றிலிருந்துகூட அதை எடுக்கிறார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும், தோலுக்குக் கெடுதல் இல்லை. வந்து விழுகிற உருவத்தில் நகக்கண்ணும் உள்ளங்கை ரேகையும் அப்படியே இருக்கும். அந்த நுணுக்கத்தைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் செலவு பல ஆயிரம். வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டரில் குழந்தையின் கையை நேரடியாக வைக்கவே கூடாது. இறுகும்போது அது 60 டிகிரி வரைகூடச் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். கடலோர ஊர்களில் இன்னொன்று, வார்ப்பு முழுக்கக் காயும் முன்பே கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்தால் உள்ளுக்குள் பூஞ்சை பிடிக்கும். சில வாரம் காற்றாட விட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

கொடி, முடி, பால்

தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். ஜப்பானியரும் கொடியைச் சிறு மரப்பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். கொடி தானாக விழும்வரை உலர்வாக விடவேண்டும், ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம், இழுக்கக் கூடாது. விழுந்ததைச் சுத்தமான காகிதத்தில் வைத்து நிழலில் சில நாள் நன்றாகக் காயவிட்டு, பிறகு தாயத்தில் அடையுங்கள். ஈரத்தோடு அடைத்தால் கெட்டுவிடும். தாயத்து பெட்டியில் இருக்கட்டும். குழந்தையின் கழுத்தில் கயிறு கட்டுவது தூங்கும்போது ஆபத்து. கொடியை உரைத்து மருந்தாகக் கொடுக்கும் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள்.

இதையொட்டி ஸ்டெம்செல் வங்கிக்காரர்களும் வருவார்கள். தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு நினைவுப் பொருள் அல்ல. எதிர்காலத்தில் அந்தக் குழந்தைக்கே பயன்படும் என்று தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிலைப்பாடு. குடும்பத்தில் அதற்கான நோய் இருந்தால் டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

முதல் முடி நமக்குச் சொந்தமில்லை, அது குலதெய்வத்துக்குரியது. ஒரு சுருளை எடுத்துவைக்க ஆசைப்பட்டுப் பெரியவர்களோடு மல்லுக்கு நிற்பதைவிட, மொட்டைக்கு முந்தின நாள் வெயிலில் உட்காரவைத்து முடியோடு நல்ல படம் எடுங்கள், கோயில் ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். பெரியவர்கள் சம்மதித்தால் ஒரு சுருள் காகித உறையில் எத்தனை வருடமும் இருக்கும்.

தாய்ப்பால் நகையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பாலைப் பொடியாக்கி ரெசின் என்ற செயற்கைப் பிசினில் பதிக்கிறார்கள்; அந்த ரெசின் வெயில் பட்டால் வருடங்களில் மஞ்சளிக்கும். அஞ்சலில் அனுப்பிய பால்தான் திரும்பி வந்ததா என்று உறுதிசெய்ய வழியும் இல்லை. பால் கொடுக்கிற நேரத்தின் ஒரு படம் அதைவிட அதிகம் சொல்லும்.

தங்காத பிள்ளைக்கு

சில வீடுகளில் பிள்ளை தங்குவதில்லை. அப்போது அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் தொட்டிலையும் துணியையும் ஸ்கேன் தாளையும் பெரியவர்கள் அப்புறப்படுத்திவிடுகிறார்கள். அவள் கண்ணில் படக்கூடாது என்ற அன்பினால் செய்வது. ஆனால் அந்தப் பிள்ளை இருந்ததற்கு வேறு சாட்சியே இல்லை. தயவுசெய்து எறியாதீர்கள். எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, சித்தியிடமோ தோழியிடமோ கொடுத்துவையுங்கள். முடிந்தால் நர்ஸிடம் கேட்டு ஒரு கால்தடம் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் ஆறு மாதம் கழித்துக் கேட்கலாம், பத்து வருடம் கழித்துக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். முடிவு அவளுடையது.

எங்கே வைப்பது

மூடியுள்ள பாலிபுரொப்பிலின் பிளாஸ்டிக் டப்பாவோ தகரப் பெட்டியோ போதும், தகரம் என்றால் துருப்பிடிக்காத வகை. பரண் வேண்டாம். கான்கிரீட் கூரைக்கு அடியில் கத்திரி வெயில் தெர்மல் தாளையும் ஹார்டு டிஸ்கையும் வறுத்துவிடும். சுவரை ஒட்டிய மர அலமாரியின் அடித்தட்டு கரையானுக்கு வசதி. பீரோவின் நடுத்தட்டு சரியான இடம். ஐப்பசி மழையில் பெட்டி கட்டாதீர்கள், மாசி பங்குனியில் காற்று உலர்ந்திருக்கும்போது கட்டுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், குழந்தை கைக்கு எட்டக்கூடாது. வெள்ளித் தண்டையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் கறுத்துவிடும், பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

பிறப்புச் சான்றிதழும், ஊசிகள் போட்டு முடியும்வரை தடுப்பூசி அட்டையும் இந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது, தனி ஃபைலில் இருக்கவேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரில்லாமல் பதிந்திருந்தால் ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன்பின் 15 வருடம்வரை தாமதக் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை இந்தச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம் புகுந்த வீடுகளில் எத்தனையோ ஆல்பங்கள் போயின. தரைத்தளத்தில் இருப்பவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும் அளவுக்குச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். படங்கள் நனைந்துவிட்டால் ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, தானாகப் பிரியவிட்டு, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். இரண்டு நாளுக்குள் செய்யமுடியாவிட்டால் கவரில் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள், பிறகு நிதானமாகப் பிரிக்கலாம்.

பெட்டி வாங்கும்போது ஒரே அளவில் இரண்டாக வாங்கிவிடுங்கள். மூத்த பிள்ளைக்கு மூவாயிரம் படமும் இளையதற்கு முப்பதும் இருக்கிற வீடுகள் நிறைய. இரண்டாவது பெட்டி காலியாகக் கண்ணெதிரே இருந்தால், இளையதின் ஸ்கேன் படத்தையும் நகலெடுக்கத் தோன்றும்.